மாமன் வீட்டுக் கடைசி விளக்கு

குதிரைகள் எரிந்துபோனதற்கு நான்தான் காரணம். காற்றின்மேல் பழி போட்டுப் பார்த்தேன். மெழுகுவர்த்தி கோணலாக வார்க்கப்பட்டது என்றும் சொல்லிப் பார்த்தேன். ஆனால் தீக்குச்சி என் விரலிடுக்கில் இருந்தது.

டோங்யுவான் விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கியவன் நேராகக் கிராமத்துக்கு நடந்திருக்க வேண்டும். கையில் இருந்தது சுழல் விளக்கு. உள்ளே மெழுகுவர்த்தி எரிந்தால் அந்தச் சூட்டில் ஒரு காகிதச் சக்கரம் சுற்றும்; சக்கரத்தில் ஒட்டிய குதிரைகளின் நிழல் வெளிக்காகிதத்தில் ஓடும். டவுன் கடைக்காரன் ஓட்டிக் காட்டித்தான் கொடுத்தான். ஆனாலும் ஊருக்குள் போனபிறகு குதிரை நின்றுவிட்டால் மானம் போகுமே என்று, விலக்கு மரத்தடியில் உட்கார்ந்து ஒருமுறை பற்றவைத்தேன். குதிரைகள் ஓடின. நன்றாக ஓடின. பீடபூமிக் காற்று ஒரு தட்டு தட்டியதும் இன்னும் வேகமாக ஓடின. பிறகு குதிரைகளும் இல்லை, ஓடுவதற்குக் காகிதமும் இல்லை. கம்பிக்கூடு மட்டும் கையில் நின்றது, தின்று முடித்த மீன் மாதிரி.

மற்ற வருடம் என்றால் சிரித்துவிட்டு வேறொன்று வாங்கியிருப்பேன். இது பன்னிரண்டாவது. எங்கள் பக்கத்தில், வெய் ஆற்றுக்கு வடக்கே, பிள்ளை பிறந்ததிலிருந்து பன்னிரண்டு வயது முடியும்வரை முதல் மாதப் பௌர்ணமிக்குத் தாய்மாமன் விளக்குச் சீர் கொண்டுபோக வேண்டும். பிள்ளைகள் அதை ஏந்தித் தெருவில் சுற்றுவார்கள். கடைசியில் ஒன்றோடொன்று மோதவிட்டு எரித்துவிடுவார்கள். அடுத்த வருடத்துக்குப் பழைய விளக்கை வைத்திருக்கக் கூடாது. அதனால் மாமன் மறுபடி வந்தாக வேண்டும். பன்னிரண்டோடு கடமை தீர்ந்தது. அதன்பிறகும் ஒருவன் விளக்கோடு வந்து நின்றால் ஊர் சிரிக்கும்.

கடமை தீர்வதுதான் என் துன்பம். அக்கா வீட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் லான்சியா இருந்தாள்.

நான் மாவட்டத் தலைநகரில் வரலாற்று வாத்தியார். நாற்பத்தைந்து வயது, கல்யாணம் ஆகவில்லை. பார்த்த பெண்களுக்கெல்லாம் கண்பார்வை நன்றாக இருந்தது. லான்சியாவின் புருஷன் ஷாங்சி பக்கம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனவன், சுரங்கம் சரிந்து போய்ச் சேர்ந்துவிட்டான். பிள்ளை இல்லை. பிறந்த வீடும் இல்லை. பெற்றவர்கள் முன்பே போய்விட்டார்கள், கூடப் பிறந்தவர் யாருமில்லை. இருந்தது மாமனார் மட்டும். பௌர்ணமிச் சமயத்தில் எள்ளுருண்டை செய்து விற்பாள். எள்ளும் சர்க்கரையும் சேர்ந்த பூரணத் துண்டுகளை நீரில் நனைத்து, பசையரிசி மாவு பரப்பிய மூங்கில் தட்டில் போட்டுக் குலுக்கிக் குலுக்கி உருட்டுவாள். மதிலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் அக்கா மகள் யிங்யிங்குக்குக் கதை சொல்ல, அந்தப் பக்கம் அந்தத் தட்டு ‘சரக் சரக்’ என்று கேட்டுக்கொண்டிருக்கும்.

கதை யிங்யிங்குக்கு என்று பெயர். ‘மாமா, எதுக்கு விளக்கு வைக்கிறோம்?’ என்று பிள்ளை ஒருமுறை கேட்டது. அதைப் பிடித்துக்கொண்டு வருடத்துக்கு ஒரு காரணம் சொல்ல ஆரம்பித்தேன். காரணத்துக்குப் பஞ்சமே இல்லை. எங்கள் முன்னோர்கள் முதலில் விளக்கை ஏற்றிவிட்டார்கள். ஏன் ஏற்றினோம் என்பதைப் பிறகு ஆளுக்கு ஒன்றாக யோசித்துக்கொண்டார்கள்.

முதலில் சொன்னது நாரைக் கதை. வானுலக அரசருக்குப் பிரியமான நாரை ஒன்று பூமிக்கு இறங்கி வந்தது. ஊர்க்காரர்கள் அடித்துத் தின்றுவிட்டார்கள். பௌர்ணமியன்று ஊரைக் கொளுத்துங்கள் என்று அரசர் ஆணையிட்டார். விஷயம் எப்படியோ கசிந்தது. ஊர்க்காரர்கள் வீட்டுக்கு வீடு சிவப்பு விளக்கு கட்டி, தெருவெல்லாம் பட்டாசு வெடித்தார்கள். மேலிருந்து பார்த்தவர்கள் ஊர் ஏற்கெனவே எரிகிறது என்று திரும்பிப் போய்விட்டார்கள்.

தட்டு நின்றது. மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

“வாத்தியாரே, கீழ இறங்கி வந்து பாக்காத கடவுளையா கும்பிடறோம்?”

“தூரம் அதிகம் இல்லையா.”

“அப்போ நம்ம தாசில்தார் மாதிரின்னு சொல்லுங்க.”

நான் அந்த நிமிஷம் விழுந்தவன்.

அடுத்து, அரண்மனைப் பணிப்பெண் கதை. உள்ளே போன பெண் திரும்ப வெளியே வர முடியாது. அம்மா அப்பாவைப் பார்க்க முடியவில்லையே என்று அவள் அழுததை ஒரு மந்திரி பார்த்தார். பௌர்ணமியன்று நெருப்புத் தெய்வம் தலைநகரை எரிக்கப்போகிறது என்று புரளி கிளப்பினார். அதைச் சாந்தப்படுத்த ஊரெல்லாம் விளக்கு, எல்லோரும் தெருவில், அரண்மனைக்காரர்களும் வெளியே. கூட்டத்தில் ஒரு விளக்கின் கீழே அவள் பெற்றவர்களைப் பார்த்துவிட்டாள்.

“எவ்வளவு சுத்து சுத்தியிருக்காரு அந்த மந்திரி,” என்றாள் லான்சியா. “ராஜாகிட்டப் போயி இந்தப் பொண்ணுக்கு ஒரு நாள் லீவு குடுங்கன்னு கேட்டா முடிஞ்சிருக்கும்.”

“எல்லாராலயும் நேரா கேக்க முடியுமா?”

“வாயிருந்தா கேக்கலாம்.”

சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக் குலுக்க ஆரம்பித்தாள். இதுவே அவள் வழக்கம். பேச்சு என் பக்கமாகச் சாயும்போதெல்லாம் தட்டின் சத்தம் பெரிதாகும். ‘எப்பவும் இங்கதான் இருப்பீங்களா?’ என்று ஒரு வருடம் கேட்டேன். ‘மாவு கட்டி பிடிக்குது, பேசாதீங்க,’ என்றாள். இன்னொரு வருடம், பழைய தலைநகரில் மாலை முரசு அடித்ததும் தெருக்கதவுகளைப் பூட்டிவிடுவார்கள், விளக்குவிழாவின் மூன்று இரவுகள் மட்டும் பூட்டமாட்டார்கள், பெண்கள் விரும்பிய இடத்துக்குப் போகலாம் என்று சொன்னேன். வரலாற்றில் உள்ள விஷயம் அது, கட்டுக்கதை இல்லை. ‘மூணு ராத்திரி முடிஞ்சா?’ என்றாள். ‘மறுபடி பூட்டிடுவாங்க.’ ‘அப்போ அது விழா இல்ல வாத்தியாரே, ஜாமீன்.’

சிரித்தேன். அன்று பஸ்ஸில் திரும்பும்போது சிரிப்பு வரவில்லை. அவள் யாருடைய ஜாமீனைச் சொன்னாள் என்பது எனக்குத் தெரியும்.

அவள் மாமனார் வாசலில் ஒரு தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்திருப்பார். யார் வந்தாலும், ‘ரயில் லேட்டா?’ என்று கேட்பார். மகன் இறந்த செய்தியை முன்பு இரண்டு மூன்று முறை சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அப்போதுதான் கேட்டவர் போல விழுந்து அழுதார். மறுநாள் காலை மறந்துவிட்டு மறுபடி வாசலுக்கு வந்தார். அதற்கப்புறம் லான்சியா சொல்வதை நிறுத்திவிட்டாள். ‘மலைக்கு அந்தப் பக்கம் பனி, மாமா. ரயில் நிக்குதாம்,’ என்பாள். கோடையிலும் அதேதான். அவருக்குப் பருவமும் மறந்துபோயிருந்தது.

ஆக, இந்த வருடம் எப்படியாவது கேட்டுவிடுவது என்று தீர்மானம் செய்துதான் கிளம்பினேன். குதிரை ஓடுகிற விளக்கு வாங்கியதும் அதற்காகத்தான். மதிலுக்குமேல் தூக்கிக் காட்டினால் அவள் வந்து பார்ப்பாள், பார்க்கும்போது கேட்கலாம். நேராகக் கேட்கத் தெரியாத மந்திரியின் வாரிசு நான்.

இப்போது கையில் கம்பிக்கூடு.

விலக்கில் ஒரே ஒரு விளக்குக் கடை. கடைக்காரர் சாமான்களை மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

“விளக்கு இருக்கா?”

“பௌர்ணமி அன்னிக்கு சாயங்காலம் வந்து கேக்குறீரே. மாமனா நீர்? மத்த மாமனெல்லாம் மாசம் பொறந்த பத்தாம் நாளே குடுத்துட்டுப் போயிட்டான்.” என் கையிலிருந்த கூட்டைப் பார்த்தார். “இதென்ன, கோழிக்குஞ்சு அடைக்கவா?”

“ஏதாவது ஒண்ணு குடுங்க.”

“ஒரு ஜோடிதான் மிச்சம். கல்யாணப் பொண்ணுக்குச் சொல்லி வச்சது. பொண்ணு வேற ஒருத்தனோட போயிடுச்சாம். வீட்டுக்காரங்க விளக்கு வேணாம்னுட்டாங்க.”

புதிதாகக் கல்யாணமான பெண்ணுக்கு முதல் பௌர்ணமியில் பிறந்த வீட்டிலிருந்து போகும் சீர் அது. குடம்போலப் பெரிய இரண்டு சிவப்பு விளக்குகள், பொன்னிறக் குஞ்சம், ஒரு காவடிக்கம்பின் இரண்டு முனையிலும் தொங்கவிட்டுத் தோளில் சுமக்க வேண்டும். பையில் வைத்து மறைக்க முடியாது. வாங்கினேன். தாய்மாமன் வெறுங்கையோடு போவதைவிட எதுவும் மேல் என்று அந்த நேரத்தில் தோன்றியது. எனக்கு அந்த நேரத்தில் தோன்றியவற்றை வைத்து ஒரு பாடப்புத்தகமே போடலாம்.

ஊர் எல்லையில் சாயங்கால வெயில் காய்ந்துகொண்டிருந்தவர்கள் என்னை விடுவார்களா?

“வாத்தியாரே, உங்களுக்குப் பொண்ணே இல்லையே, யாரைக் கட்டிக் குடுத்தீங்க?”

“தன்னையே கட்டிக் குடுத்துட்டாரு போல. அவரே சீரும் கொண்டு வராரு.”

“மாப்பிள்ளை எந்த ஊரு வாத்தியாரே?”

தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். குஞ்சங்கள் இரண்டு பக்கமும் ஆடின.

அக்கா கதவைத் திறந்தாள். என் அக்கா கெமேய்க்கு என்மேல் பாசம் அதிகம். அது வெளியே வரும்போது எப்போதும் திட்டாகத்தான் வரும். அத்தான் பத்தாம் நாளே சியான் நகரத்துக் கட்டட வேலைக்குத் திரும்பிவிட்டதால் அத்தனை பாசமும் எனக்குத்தான் மிச்சம்.

“என்னடா இது?”

“விளக்கு.”

“அது தெரியுது. யாருக்கு?”

யிங்யிங் வந்து எட்டிப் பார்த்தாள். இரண்டு சடை, பல் முழுக்கச் சிரிப்பு. “மாமா, எனக்குக் கல்யாணமா? ஆறாங்கிளாஸ் பரீட்சை இருக்கே.”

நடந்ததைச் சொன்னேன். மரத்தடி, காற்று, மெழுகுவர்த்தியின் கோணல். அக்கா முழுவதும் கேட்டாள்.

“நாப்பத்தஞ்சு வயசுல நெருப்போட விளையாடியிருக்க. அதுவும் வீட்டுக்கு வர்ற வழியில. கடைசிச் சீருடா இது. ஊரே பாத்திருக்குமே.”

“பாத்துச்சு.”

“என்ன சொன்னாங்க?”

“மாப்பிள்ளை எந்த ஊருன்னு கேட்டாங்க.”

மதிலுக்கு அந்தப் பக்கம் தட்டுச் சத்தம் நின்று நேரமாகியிருந்தது. லான்சியாவின் தலை மதிலுக்குமேல் தெரிந்தது. ஏதோ கல்லின்மேல் ஏறியிருக்க வேண்டும். புருவத்தில் மாவு. விளக்குகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு, “இதுக்கு என்ன கதை வாத்தியாரே? எந்த ராஜா காலம்?” என்றாள்.

இத்தனை வருடம் மதிலைப் பார்த்துப் பேசியவனுக்கு மதிலுக்குமேல் ஒரு முகம் வந்ததும் வாய் ஒட்டிக்கொண்டது. காது சூடாவது எனக்கே தெரிந்தது. அக்கா என் காதைப் பார்த்தாள். பிறகு லான்சியாவைப் பார்த்தாள். லான்சியா கண்ணைக் கீழே இறக்கிக்கொண்டாள்.

அக்கா கையைக் கழுவினாள், இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்தாள், தலைமுடியை ஒதுக்கினாள். கம்பைத் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு, தன் வாசலைத் தாண்டி, பக்கத்து வீட்டுக்குள் நேராகப் போனாள். நானும் யிங்யிங்கும் பின்னாலேயே ஓடினோம்.

முற்றத்தில் லான்சியா கல்லிலிருந்து இறங்கி நின்றிருந்தாள். அக்கா விளக்குகளை அவள் முன்னால் இறக்கினாள்.

“உனக்கு அம்மா வீடு இல்ல,” என்றாள். “நாளைக்கே ஒரு நல்லது நடந்தா பிறந்த வீட்டு விளக்கு யாரு எடுத்துட்டு வருவா? நான் எடுத்துட்டு வருவேன். எடுத்துட்டு வந்துட்டேன்.”

“அக்கா,” என்றேன், “அப்போ நீ எந்தப் பக்கம்?”

“இந்த நிமிஷத்துலேர்ந்து இவ பக்கம். நீங்க யாரு?”

“அக்கா, விளையாடாத.”

“பேரு கேட்டா பேரைச் சொல்லணும்.”

“சூ கெமிங்.”

“என்ன வேலை?”

“வரலாறு வாத்தியார்.”

“செத்தவங்களைப் பத்தித்தான் தெரியும், அப்படித்தானே. குடிப்பீங்களா?”

“உனக்குத் தெரியாதா?”

“எங்க பொண்ணுக்குத் தெரியணுமில்ல.”

“விசேஷத்துக்கு மட்டும்.”

“போன விசேஷத்துல எங்க வீட்டுப் பன்னிக் கொட்டிலுக்குள்ள தூங்கினது யாரு?”

லான்சியா மாவுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. வாசல் முக்காலியிலிருந்து பெரியவர் இரண்டு சிவப்பு விளக்குகளையும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“யாருக்குக் கல்யாணம்?”

லான்சியாவின் தோள் நின்றது.

“பக்கத்து வீட்ல, மாமா.”

“அவன் வந்துடட்டும். அவன் இல்லாம என்ன கல்யாணச் சாப்பாடு? ரயில் வந்துடுச்சா?”

“பனி, மாமா. வந்துடும்.”

அவர் தலையாட்டிக்கொண்டு தெருவின் பக்கம் திரும்பினார். லான்சியா போய் அவர் முழங்கால் போர்வையைச் சரிசெய்தாள்; அவர் கை மாவாகிவிட்டது, அதைத் தன் உடையில் துடைத்துவிட்டாள். என் அக்காவின் முகத்தில் இருந்த விளையாட்டு எங்கோ போய்விட்டது. யிங்யிங்கின் தோளைத் தொட்டாள்.

“வா. வருஷப் பிறப்புக்குக் கதவுல ஒட்டின சிவப்புக் காகிதம் மிச்சம் கிடக்கு. மாமன் கொண்டுவந்த கம்பியிலயே ஒட்டிக்கலாம்.”

“குதிரை?”

“நீயே வரைஞ்சுக்க.”

கொஞ்ச நேரத்தில் யிங்யிங் அந்தக் கூட்டை ஏந்திக்கொண்டு தெருவில் ஓடினாள். குதிரைகள் ஓடவில்லை, பார்ப்பதற்குப் பூனைகள் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. ஆனால் மற்றப் பிள்ளைகளின் மீன், முயல், தாமரை எல்லாவற்றோடும் இடித்துக்கொண்டு அது நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது. மாமனின் கடமை அத்துடன் முடிந்தது. தெருக்கோடியில் மேளம் ஆரம்பித்தது. அக்கா வேண்டுமென்றே அங்கேயே நின்றுவிட்டாள் என்று நினைக்கிறேன்.

முற்றத்தில் நான், லான்சியா, கீழே ஏற்றாத இரண்டு விளக்குகள்.

அவள் மூங்கில் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “சரி, சொல்லுங்க. இந்த வருஷக் கதை.”

“கதை இல்ல.”

“தீந்துடுச்சா?”

“இன்னும் இருக்கு. ஒரு சக்கரவர்த்தி பெரிய தெய்வத்துக்கு ராத்திரி முழுக்க விளக்கேத்திப் பூஜை பண்ணினது இருக்கு. புத்தருக்காக ஏத்தினது இருக்கு. எல்லாத்தையும் அடுத்தடுத்த வருஷத்துக்குன்னு வச்சிருந்தேன். அடுத்த வருஷம் எனக்கு இங்க வர்றதுக்குக் காரணம் கிடையாது.”

அவள் தட்டைக் குலுக்க ஆரம்பித்தாள். சரக் சரக். நான் போய் அந்தத் தட்டின் விளிம்பில் கைவைத்தேன். இதற்குமுன் அவளுக்கு அத்தனை அருகில் நின்றதில்லை. எள் வாசனையும் ஈரமாவு வாசனையும் வந்தது.

“மந்திரி மாதிரி சுத்தி வளைக்காம நேரா கேக்கறேன்,” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. “என்னைக் கட்டிக்குவீங்களா, மாட்டீங்களா? மாட்டேன்னா மாட்டேன்னு சொல்லுங்க. ஏழு மணி பஸ்ஸுல போயிடறேன். மாவு கட்டி பிடிக்குதுன்னு மட்டும் சொல்லாதீங்க.”

அவள் தட்டைக் கீழே வைத்தாள். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பெரியவர் தெருவில் போகும் விளக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றில் ஏதோ ஒன்றின் பின்னால் மகன் வந்துகொண்டிருப்பான்.

“நடுவுல ஜோக் அடிக்காம கேளு,” என்றாள். “எனக்கு இஷ்டம் இருக்கு. இன்னிக்கு நேத்து இல்ல, அந்த நாரைக் கதையிலேர்ந்தே இருக்கு. நீ வராத நாள்ல நான் மதிலோரமா உக்காந்து உருட்டறதே இல்ல, அடுக்களையிலதான் உருட்டுவேன். ஆனா இவரை விட்டுட்டு உன்கூட வர மாட்டேன். கூட்டிட்டும் வர முடியாது. வாசல் மாறிட்டா, புள்ள வந்து தேடுவானேன்னு இவரு துடிச்சுப் போயிடுவாரு. நீ இங்க வந்தும் இருக்க முடியாது. இந்த வீட்டுக்குள்ள இன்னொரு ஆம்பளை படுத்து எந்திரிச்சா, தன் புள்ள இல்லைங்கறது இவருக்கு நிதமும் புதுசாத் தெரியும். நிதமும் அழுவாரு. நான் அதைப் பண்ண மாட்டேன். அதனால இவரு இருக்கற வரைக்கும் இல்ல. எத்தனை வருஷம்னு நான் எண்ண மாட்டேன், நீயும் எண்ணக் கூடாது. எண்ணினா இவரு சாவைப் பாத்து உக்காந்திருக்கற மாதிரி ஆயிடும், அப்புறம் உன் மூஞ்சியே எனக்குப் பிடிக்காது. காத்திருன்னு நான் சொல்லல. நீ வேற யாரையாவது கட்டிக்கிட்டா கோவப்பட மாட்டேன். ஒரு நாள் அழுவேன், அவ்வளவுதான். நீ காத்திருந்தா எனக்குச் சந்தோஷம். ரொம்பச் சந்தோஷம். இதுக்கு மேல நேரா பேச எனக்குத் தெரியாது.”

நான் அந்த மூங்கில் தட்டை எடுத்து மறுபடி அவள் மடியில் வைத்தேன்; ஏழு மணி பஸ்ஸுக்கு நான் போகவில்லை.